பின்னோக்கி ஓடும் இயந்திரம்

அத்தியாயம் ஒன்பது

நீதிமன்றம் கூட நான்கு மணி நேரம் இருந்தது. புயல் கரையேற முப்பது மணி நேரம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, கல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு மூன்றாம் மாடி அறையில், தகப்பன் ஒருவர் குரல் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தார்.

குருமூர்த்தி என்பது அவர் பெயர். கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தின் வரைவுக் கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பென்சில் பிடித்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். மிஞ்சியிருப்பது ஒரே மகள் ஹம்சினி.

அவருக்கு எதிரே அமர்ந்திருந்தவர் துப்பறியும் சுந்தரவல்லி. கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க மதிப்பீட்டாளராக இருந்தவர். "கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று மேலதிகாரி கேட்ட நாளில், கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு ராஜினாமாவை நீட்டிவிட்டு வெளியேறியவர். ஜன்னலோரத்தில் நின்று மண்குவளையில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தவன் அவருடைய உதவியாளன் ஜெய்ராம். பிறந்ததும் வளர்ந்ததும் கல்கத்தா. தமிழைக் காட்டிலும் வங்காளத்தில் சரளமாக வம்பு பேசுவான். அந்த ஊரில் அக்காவைத் 'திதி' என்பார்கள்; அந்த வழக்கப்படி சுந்தரவல்லியை அவன் 'வல்லிதி' என்றுதான் அழைப்பான்.

"என் பொண்ணு திருடி இல்லேம்மா," என்றார் குருமூர்த்தி. "ரெண்டு மணிக்கு அலிப்பூர் கோர்ட்ல அவளைத் திருடின்னு சொல்லப் போறா. எப்படியாவது கண்டுபிடிச்சுடுங்கோ."

வழக்கு இதுதான்.

ஹம்சினி பொறியியல் படித்தவள். நெல் அறுக்கும் சிறு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தாள். ஒருவர் பின்னால் நடந்தபடியே தள்ளிச் செல்லக்கூடியது. தெருமுனைப் பட்டறையில், கிடைத்த இரும்பைக் கொண்டு, எந்தக் கொல்லனும் செய்துவிடக் கூடியது. அதன் வரைபடத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் உலகறியப் போட்டாள். யாரும் எடுக்கலாம், யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். அவள் விதித்தது ஒரே நிபந்தனை. திருத்தம் கண்டவர் அதைத் தம் பெயரோடு திருப்பி எழுத வேண்டும். அடுத்தவனுக்கு அது பயன்பட வேண்டும்.

சுந்தரவன ஓரத்துக் கிராமங்களில் இன்று அப்படி அறுபத்திரண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. அவை ஓடியே ஆக வேண்டும். அறுக்க வேண்டிய கைகள் திருப்பூரிலும் கோவையிலும் தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கின்றன. ஊரில் எஞ்சியவர்கள் பெண்களும் கிழவர்களும். வயலில் முற்றிய நெல். வங்கக் கடலில் புயல். உப்பு நீர் ஏறிவிட்டால் அந்த நெல் மாட்டுக்குக்கூட ஆகாது.

இந்த வேளை பார்த்துத்தான் சஸ்யஸ்ரீ என்ற பெரிய நிறுவனம் வழக்குத் தொடுத்திருந்தது. அந்த வடிவம் தங்களுடையதாம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தாங்கள் வரைந்ததாம். ஹம்சினி திருடினாளாம். ஆகவே வரைபடத்தை இணையத்திலிருந்து நீக்க வேண்டும், அறுபத்திரண்டு இயந்திரங்களுக்கும் இன்றே முத்திரை வைக்க வேண்டும்!

கலப்பையைக் கண்டவன் காப்புரிமை கேட்டானா? சக்கரத்தைச் செய்தவன் சாலைதோறும் நின்று வாடகை வசூலித்தானா? உழுகிறவனுக்கு ஒருத்தி உவந்து கொடுத்ததை, உழாதவன் உரிமை என்று பறிக்க வந்தால், அதற்கும் ஒரு சட்டம் துணை நிற்கும் என்றால், அந்தச் சட்டத்தின் முகத்துக்கு நேரே சில கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்குச் சுந்தரவல்லியிடம் இருந்தது நான்கு மணி நேரம்.

"ஹம்சினி எங்கே?" என்று அவர் கேட்டார்.

"காத்தால முதல் ட்ரெயின்ல வயக்காட்டுக்குப் போயிட்டா. அங்கே போன் சரியா எடுக்காது. ரெண்டு மணிக்கு நேரா கோர்ட்டுக்கு வந்துடுவா." அரக்கு முத்திரையிட்ட பழுப்புநிற உறையை மேசைமேல் வைத்தார். "இது கம்பெனி கோர்ட்ல குடுத்த வரைபடத்தோட நகல். இன்னிக்குக் காத்தாலதான் வக்கீல் ஆபீஸ்லேர்ந்து வந்தது. பிரிச்சுக்கூடப் பார்க்கலை. பார்க்க மனசு வரலைம்மா."

"முப்பத்திரண்டு வருஷம் படம் போட்டவர், இந்த ஒரு படத்தைப் பார்க்க மாட்டேங்கறீங்களே?"

அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஜெய்ராம் குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "பாவம் மாமா. எங்கப்பா எனக்காக ஒரு தடவைதான் அழுதார், வல்லிதி. நான் மேத்ஸ்ல பாஸ் ஆனப்போ. யார் பேப்பரோ மாறிப்போச்சுன்னு பயந்துட்டார்."

சுந்தரவல்லி உறையைக் கிழித்தார்.

பெரிய தாள். ஓர் அறுவடை இயந்திரத்தின் பக்கத்தோற்றம். வலது மூலையில் நிறுவனத்தின் பெயர்க்கட்டம். அதில் மூன்றாண்டுகளுக்கு முந்தைய தேதி. சுந்தரவல்லி அந்தத் தேதியின் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய விரல் படத்தின் ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. சுங்கத்தில் இருபது ஆண்டுகள் செய்த வேலை அது. பெட்டிக்குள் கிடக்கும் உதிரிப் பாகத்தைப் பார்த்து, அது எந்த வண்டியின் வயிற்றிலிருந்து வந்தது என்று சொல்லும் வேலை.

"ஜெய்ராம், இங்கே பாரு. இந்தப் படம் முழுக்க எங்கே துளை போட்டிருந்தாலும் நாலு, இல்லேன்னா ஆறு. சக்கரத்தோட நடுவுல இருக்கிற இந்தக் குடத்துல மட்டும் அஞ்சு. ஏன்?"

"டிராயிங் போட்டவனுக்குக் கணக்கு என்னை மாதிரியோ என்னவோ."

"விளையாடாதே. புதுசா வார்ப்பு எடுத்துப் பண்ற கம்பெனி, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் போடும். இது புதுசா செஞ்ச குடம் இல்லை. வேற ஏதோ வண்டியிலேர்ந்து கழட்டினது."

ஜெய்ராம் குனிந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்த கேலி ஒரு கணம் விலகிற்று.

"வல்லிதி, என் வாழ்க்கையில கால்வாசி பஞ்சரான மஞ்சள் டாக்ஸி பக்கத்துல நின்னே போயிருக்கு. டிரைவர் கழட்டுற நட்டையெல்லாம் என் கையிலதான் குடுப்பான். எப்பவும் அஞ்சு. இது அம்பாசடர் டாக்ஸியோட குடம்!"

சுந்தரவல்லி தம் கைப்பேசியில் ஹம்சினியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். திருத்தங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. நடுவில் ஒரு வரி: 'சக்கரக் குடம் மாற்றம். பழைய டாக்ஸியின் குடம் போதும். வலுவானது, எங்கும் கிடைக்கும். சொன்னவர்: மொயினுல் மிஸ்திரி, கிடர்பூர்.' தேதி, இந்த ஆண்டு ஜனவரி.

"மூணு வருஷத்துக்கு முந்தின படத்துல, பத்து மாசத்துக்கு முன்னாடி ஒரு மிஸ்திரி சொன்ன யோசனை எப்படி வந்துச்சு?" என்று எழுந்தார் சுந்தரவல்லி. "அந்த ஆளைக் கோர்ட்டுல நிறுத்தணும். கிளம்பு."

*

கிடர்பூர்ச் சந்து, கைவண்டியும் லாரியும் ஒன்றின் மூக்கில் ஒன்று முட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. வானம் ஈயமாக இறங்கியிருந்தது. பதினொன்றரை மணிக்கே ஆற்றிலிருந்து காற்று, கடைகளின் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இருவரும் வாடகைக் காரை விட்டிறங்கி ஓடினார்கள்.

மொயினுல் மிஸ்திரியின் பட்டறை வாசலில் டாக்ஸிக் குடங்கள் மலையாகக் குவிந்திருந்தன. பதினைந்து ஆண்டு ஓடிய மஞ்சள் டாக்ஸிகளைச் சாலையிலிருந்து விலக்கிவிட்டதால் உடைத்துப் போட்டவை. குவியலுக்குப் பின்னால், நரைத்த தாடியும் கரிப்பிடித்த கண்ணாடியுமாக, மொயினுல் ஒரு வெட்டுத்தகட்டைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசியது வங்காளம். அதில் மரியாதையும் நையாண்டியும் சம பங்கு.

"ஆமா திதி, குடம் நான் சொன்னதுதான். ஹம்சினி திதி புதுசா கடைசல் பிடிக்கச் சொன்னாங்க. எதுக்கு? இந்த ஊரு டாக்ஸி அம்பது வருஷம் பள்ளத்துல விழுந்து எழுந்திருக்கு, நெல்லு வயலுக்கு இதைவிட உறுதியா என்ன வேணும்னு கேட்டேன். உடனே என் பேரைப் போட்டுட்டாங்க. என் பேரு கம்ப்யூட்டர்ல வந்ததே அந்த ஒரு தடவைதான்."

"கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?"

"கடையைச் சாத்திட்டு வர்றேன். ஆனா அவங்க வக்கீல் விடுவாரா? தேதியை நீங்களே பின்னாடி எழுதிக்கிட்டீங்கன்னு சொல்ல மாட்டாரா?"

சுந்தரவல்லியின் நெஞ்சில் இருந்த அச்சத்தையே அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். திருத்தப் பட்டியல் ஹம்சினியுடையது. அது அவளுடைய கையில் இருக்கும் பேனா. எதிரியின் கையில் இருப்பதோ முத்திரை வைத்த தாள். இந்த நாட்டில் முத்திரைக்கு இருக்கும் மதிப்பு மொயினுல் மிஸ்திரியின் வாய்ச்சொல்லுக்கு உண்டா?

"எங்கே, அந்தக் கம்பெனிப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க," என்று மொயினுல் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு பட்டறை அதிரச் சிரித்தார்.

"என்ன மிஸ்திரி?"

"இதைப் போட்டவன் வயலுக்குப் போனதே இல்லை. இந்தப் படத்துப்படி செஞ்சா மெஷின் பின்னாடி ஓடும் திதி!"

"பின்னாடியா?"

அவர் சுவரைக் காட்டினார். மசகெண்ணெய் படிந்த ஹம்சினியின் வரைபடம் அங்கே ஒட்டியிருந்தது. அதில் இயந்திரத்தின் வாய் இடப்பக்கம் பார்த்தது. நிறுவனத்தின் தாளைப் பக்கத்தில் பிடித்தார். அதில் வாய் வலப்பக்கம் பார்த்தது.

"அப்படியே புரட்டிப் போட்டிருக்கான். கண்ணாடியில பார்க்குற மாதிரி. அதனால எஞ்சினோட சுழல்தண்டு இடப்பக்கத்துக்குப் பதிலா வலப்பக்கம் வந்துடுச்சு. படத்தைப் புரட்டலாம், எஞ்சினைப் புரட்ட முடியுமா? தண்டு வலப்பக்கம் வரணும்னா எஞ்சினை முன்பின்னாத் திருப்பி வைக்கணும். அது எப்பவும் ஒரே பக்கந்தான் சுத்தும். திருப்பி வச்சா சக்கரம் எதிர்ப்பக்கம் போகும். நெல்லை அறுக்காது, ஓட்டுறவன் காலை அறுக்கும்!"

ஜெய்ராம் குதித்தான். "போதுமே வல்லிதி! மூணு வருஷமா கண்டுபிடிச்சு வச்சிருக்காங்களாம், முன்னாடி போகத் தெரியாத மெஷின். கவர்ன்மெண்ட் ஆபீஸுக்குக் குடுத்தா பொருத்தமா இருக்கும்."

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியடிப்பவன் எதையும் மாற்றமாட்டான். மாற்ற அவனுக்குத் தெரியாது. மாற்றியவன் தெரிந்தவன். மிக நன்றாக வரையத் தெரிந்தவன். ஒரு பொருளை இடப்பக்கம் பார்த்தபடி வரைய அவன் கை மறுத்திருக்கிறது. எந்தக் கைக்கு அந்தப் பழக்கம் வரும்?

துறைமுகத்தில் அவர் புரட்டிய நூற்றுக்கணக்கான வரைபடங்கள் கண்முன் வந்தன. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், இழுவைப் படகு. எந்த நாட்டில் கட்டினாலும் சரி, எவர் வரைந்தாலும் சரி, தாளில் கப்பலின் முகப்பு வலப்பக்கம்தான் பார்க்கும். வரைவுக் கூடத்தில் நுழையும் முதல் நாளிலேயே கைக்குப் பழக்கிவிடுவார்கள்.

சுந்தரவல்லி நிறுவனத்தின் தாளை மடித்தார்.

"ஜெய்ராம், குருமூர்த்திக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல வை."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்கோம்மா! ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்ச மாதிரிதான் சார். ஒரு அவசரம். வெளியே காத்துல தாளைப் பிரிக்க முடியலை. கம்பெனி படத்துல எஞ்சினோட ஷாஃப்ட் எந்தப் பக்கம் வருது?"

"ஸ்டார்போர்டு," என்றார் குருமூர்த்தி.

சொன்னபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பிரித்துக்கூடப் பார்க்காத உறைக்குள் இருந்த படத்தைப் பற்றி, நெல் வயலில் ஓடும் இயந்திரத்தைப் பற்றி, கப்பலின் வலப்பக்கத்துக்கு உரிய சொல்லால் அவர் பதில் சொல்லியிருந்தார். மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

பட்டறையில் தார்ப்பாய் படபடத்தது.

"நமக்கு வேலை குடுத்தவரே..." என்றான் ஜெய்ராம் மெதுவாக. "கட்சிக்காரரும் பிடித்துக் கொடுக்கப்படுவார்னு நம்ம போர்டுல ஒரு வரி சேர்த்துடலாமா வல்லிதி?"

"சேர்த்துடு. ஆனா முதல்ல வண்டியைப் பிடி. மணி பன்னிரண்டரை."

*

அலிப்பூர் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் ஒரு மணி பத்துக்கு அவர்கள் நுழைந்தபோது, குருமூர்த்தி அங்கே ஏற்கெனவே ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தார். காலையில் அழுத மனிதர் இல்லை இவர், அழுது முடித்துவிட்டவர். மடியில் செய்தித்தாள் சுற்றிய நீண்ட சுருள் ஒன்று.

"ஓடிப்போயிடுவேன்னு நினைச்சேளா?"

"இல்லை சார்," என்று அருகில் அமர்ந்தார் சுந்தரவல்லி. "கண்டுபிடிக்கணும்னுதானே வந்தீங்க? ஓட நினைக்கிறவர் துப்பறியறவகிட்ட வரமாட்டார்."

குருமூர்த்தி தரையைப் பார்த்துப் பேசினார். "ஜூன் மாசம் கம்பெனிக்காரா ஆத்துக்கே வந்தா. உங்க பொண்ணு மேதை சார், இப்படி ஊருக்கு அள்ளிக் குடுத்துண்டிருக்காளே, நாளைக்கு யாராவது அவ பேரை அழிச்சுடுவான்னா. அழகா வரைஞ்சு குடுங்கோ, பேடண்ட்ல அவ பேர்தான் முதல்ல வரும், பெரிய வேலையும் உண்டுன்னா. அவளுக்குத் தெரிய வேண்டாம், சர்ப்ரைஸா இருக்கட்டும்னா. நான் நம்பினேன். வாடகை ரூம்ல ஒரு ஃபேன் கூடச் சரியா இல்லாம இருக்காம்மா அவ. அப்பனுக்குத் தாங்குமா?"

"மூணு வருஷம் முந்தின தேதி?"

"அதை நான் போடலை. பெயர்க்கட்டமே அவா ஒட்டினது. நேத்திக்கு வக்கீல் ஆபீஸ்ல மனுவைப் படிச்சேன். அவ பேர் இருந்தது, ஆனா திருடின்னு இருந்தது. நானா சொல்ல வாய் வரலை. யாராவது கண்டுபிடிச்சுட்டா தேவலைன்னு உங்க மாடி ஏறினேன்."

"அந்தச் சுருள்ல என்ன?"

"என்னோட தாள். நான் போட்டதை எறிஞ்சு பழக்கமில்லை. ட்ரேசிங் போட்டுத் தரேன்னேன். அவசரம்னு இதையே ஸ்கேன் பண்ணிண்டு போயிட்டா."

சுந்தரவல்லி சுருளைப் பிரித்தார். அதே இயந்திரம், வலம் நோக்கி, கரும்பென்சிலில். எவ்வளவு தேர்ந்த கை! தாளைத் திருப்பினார். மறுபக்கத்தில் பெரிய எழுத்தில் தேதிகள். அது ஒரு வங்கியின் சுவர் நாட்காட்டி. இந்த ஆண்டின் ஜூன் மாதத் தாள்.

"காலண்டர் பின்னாடியா வரைஞ்சீங்க?"

"நல்ல கெட்டித் தாள்மா. வரைவுக் கூடத்துல யாரும் அதை வீணாக்க மாட்டோம். முதல் படம் எப்பவும் அதுலதான்."

சுந்தரவல்லி சட்டென்று நிறுவனத்தின் நகலை எடுத்து, தாழ்வாரத்துக் கம்பிகளுக்கு இடையே வெளிச்சத்துக்கு நேராகப் பின்புறமாகத் திருப்பிப் பிடித்தார். கோடுகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களில் மங்கலாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். கட்டங்களுக்குள் எண்கள். மேலே மாதத்தின் பெயர். அதன் பக்கத்தில் ஆண்டு. இந்த ஆண்டு!

"அடேயப்பா," என்றான் ஜெய்ராம். "மூணு வருஷம் முன்னாடியே இந்த வருஷத்துக் காலண்டரையும் கண்டுபிடிச்சுட்டாங்க போலிருக்கு."

கெட்டித் தாளில் அழுத்தமாக அச்சான மை, ஸ்கேன் ஒளியில் ஊடுருவிப் பதிந்துவிட்டது. தேதியைத் திருடியவர்கள் தேதியின் மேலேயே படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆனால் சுந்தரவல்லியின் குரலில் வெற்றி இல்லை. "சார், இந்த நகலை மட்டும் காட்டினா அழுக்குன்னு சொல்லித் தப்பிச்சுடுவாங்க. உங்க தாள் பக்கத்துல இருந்தாத்தான் அது தேதி. தாள் வந்தா நீங்க வரணும். வந்தா, பொய் ஆவணத்துக்குக் கை குடுத்தேன்னு நீங்களே சொல்லணும். போலீஸ் வரும். என் கட்சிக்காரர் நீங்கதான். வேண்டாம்னு நீங்க சொன்னா நான் இந்தச் சுருளைத் தொட மாட்டேன்."

"தொட மாட்டேளா?"

"மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். நாளைக்குத் தண்ணி ஏறும். அறுபத்திரண்டு மெஷினும் சீல் வச்ச கொட்டகையில நிக்கும். அந்த ஊர்ப் பொம்பளைங்க முட்டி அளவு உப்புத் தண்ணியில நின்னு அரிவாளால அறுக்கப் பார்ப்பாங்க. உங்க பொண்ணு வேடிக்கை பார்க்கிற ஆளில்லை. அவளும் கூட நிப்பா. அதையும் சேர்த்துத் தாங்கிப்பீங்களா?"

குருமூர்த்தி வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா."

தூணருகில் ஹம்சினி நின்றிருந்தாள். செருப்பிலும் சல்வாரின் ஓரத்திலும் வயற்சேறு காயாமல் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் இருந்தது.

"உலகத்துக்கே ஃப்ரீயா குடுத்ததை எதுக்குப்பா ஒளிச்சு எடுத்தீங்க? கம்பெனிக்காரன் கேட்டிருந்தா அவனுக்கும் குடுத்திருப்பேனே. அதுக்குத்தானே போட்டேன்!"

"உன் பேருக்காகத்தான் ஹம்சி..."

"என் பேரா? மொயினுல் சாச்சா பேரு அதுல இருக்கு. இன்னும் நாப்பது மிஸ்திரி பேரு இருக்கு. அத்தனையும் அழிச்சுட்டு என் பேரு ஒண்ணை வச்சு நான் என்ன பண்ணுவேன்? பூஜை பண்ணவா?"

தாழ்வாரத்தின் கோடியில் சேவகன் வழக்கின் எண்ணைக் கூவினான்.

குருமூர்த்தி எழுந்தார். சுருளைத் தாமே எடுத்துக்கொண்டார். யாருடைய கையையும் பிடிக்காமல் உள்ளே நடந்தார்.

*

சஸ்யஸ்ரீயின் வழக்கறிஞர் நன்றாகவே பேசினார். மகளைக் காப்பாற்ற ஒரு முதியவர் பாசத்தால் கட்டும் கதை என்றார். சொத்துரிமை என்றார், முதலீடு என்றார், நாட்டின் முன்னேற்றம் என்றார். நெல் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

நீதிபதி குருமூர்த்தியைப் பார்த்தார். "நீங்கள் சொல்வது உங்களையே சிறைக்கு அனுப்பக்கூடும். தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன் சார்," என்றார் அவர், கப்பல் தளத்து ஆங்கிலத்தில். "தாள் உங்க முன்னாடி இருக்கு. கம்பெனி குடுத்த மூலப் பிரதியையும் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடிச்சுப் பாருங்கோ. நான் பொய் சொல்லலாம், என் தாள் சொல்லாது."

நீதிபதி எழுந்து ஜன்னலருகே சென்றார். முத்திரையிட்ட தாளைப் பின்புறமாகத் திருப்பிப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு திரும்பாமலே, "ஜூன் ஒன்று முதல் முப்பது வரை எல்லாம் இருக்கிறதே," என்றார். சஸ்யஸ்ரீயின் வழக்கறிஞர் தம் தாள்களை அடுக்கத் தொடங்கினார். பத்து நிமிடத்துக்கு முன்பு வாக்குமூலத்துக்குத் தயாராக நின்ற நிறுவனத்தின் மேலாளரை அறையில் காணவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த மொயினுல் மிஸ்திரியைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்க வேண்டிய அவசியமே எழவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு ஐம்பதுக்கு ஆணை வந்தது. இயந்திரங்களைத் தொடக் கூடாது. வரைபடம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். போலி ஆவணத்தைப் பற்றிக் காவல்துறை விசாரிக்கும். குருமூர்த்தியின் வாக்குமூலத்தை இன்றே பதிவு செய்ய வேண்டும்.

வெளியே முதல் தூறல் விழுந்திருந்தது. ஹம்சினி தூணோரமாக நின்று கைப்பேசியில் வங்காளத்தில் கத்திக்கொண்டிருந்தாள். "சாலாவ், சாலாவ்! ஓட்டுங்க! எல்லா மெஷினையும் கிழக்கு வயல்ல இறக்குங்க. டீசல் நான் கொண்டு வர்றேன். ராத்திரியும் நிறுத்தக் கூடாது!"

பெஞ்சில் குருமூர்த்தி அமர்ந்திருந்தார். அருகில் ஒரு காவலர் காகிதமும் பேனாவுமாக அவருடைய முகவரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹம்சினி பேச்சை முடித்துவிட்டுத் தகப்பனின் முன்னால் வந்து நின்றாள். மூன்று பத்து ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் கூட்டம் தாங்காது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்களை இன்னிக்கு உள்ளே வச்சாலும் வைப்பாங்க."

"தெரியும்டி."

"ஜாமீனுக்கு நாளன்னிக்கு வரேன்ப்பா. இன்னிக்கும் நாளைக்கும் வயல் இருக்கு."

குருமூர்த்தி தலையசைத்தார். "குடை எடுத்துண்டு போ," என்றார்.

அவள் குடையை எடுக்கவில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, மழைக்குள் ஓடினாள்.